பூட்டினால் போதுமா? காலிக் குடியிருப்புகள்: வாசகர் கேள்வி, பதில்

ஐப்பசி மழைக்கு முன்னால் வரும் இதழ் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஆட்களைக் காலி செய்துவிட்டு, இடிக்காமலும் பழுது பார்க்காமலும் விட்டு வைத்த அரசுக் குடியிருப்புகள். கட்டடப் பொறியாளர், சுகாதாரத் துறையில் பணி செய்தவர், வழக்கறிஞர் என மூவரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

அவனியாபுரம் வாசகி: எங்கள் தெருவை ஒட்டி மூன்று மாடி அரசுக் குடியிருப்பு. நான்கு வருஷத்துக்கு முன் காலி செய்து, கீழ்த்தள வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் ஹாலோ பிளாக் வைத்து அடைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் தெருவில் கொசு பெருகியது, இரண்டு பேருக்கு டெங்கு. புகை மருந்து அடிக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் அதனால் தீராது. புகை அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். நான்கு பக்கமும் அடைத்த கட்டடத்துக்குள் புகை போகவே போகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்கள் தெரு அந்த வட்டத்துக்குள் இருக்கிறது.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர் எங்கெல்லாம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். மொட்டை மாடியில் மூடி பறந்துபோன சிண்டெக்ஸ் தொட்டிகள். தரையடியில் சம்ப். ஒவ்வொரு கழிப்பறையிலும் ஒரு ஃபிளஷ் டேங்க், ஒரு கோப்பை. கோப்பையின் வளைவில் சுமார் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும்படி செய்திருப்பார்கள். ஆள் இருந்தால் அது துர்நாற்றத்தைத் தடுக்கும். ஆள் இல்லையென்றால், மழைச்சாரல் படுகிற வீடுகளில் அதுவே கொசுத்தொட்டி. சாரல் படாத வீடுகளில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். அப்போது சாக்கடை வாயுவும் கரப்பானும் எலியும் அதே வழியில் மேலே வரும்.

தண்ணீரை இறைத்துக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்த தொட்டியிலும் அது பல மாதம் உயிரோடு கிடந்து, முதல் மழையில் பொரியும். சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கல் வைத்து அடைத்த கட்டடத்துக்குள் கொசு ஒழிப்புப் பணியாளர் எப்படி வாராவாரம் போவார்? கொசு போய் வருகிறது, பணியாளரால் போக முடியவில்லை.

ஆகவே மனுவில் கேட்க வேண்டியது வேறு. ஒரு வாசலில் மட்டும் கல்லை எடுத்துவிட்டு இரும்புக் கதவும் பூட்டும் போட வேண்டும், சாவி ஒன்று சுகாதார ஆய்வாளரிடம் இருக்க வேண்டும். மாடித் தொட்டிகளை இறக்க வேண்டும், முடியாவிட்டால் அடியில் ஓட்டை போட்டுக் கவிழ்க்க வேண்டும். சம்ப்பை மணல் கொட்டி மூட வேண்டும். கோப்பைகளையும் மணலால் நிரப்ப வேண்டும். அதற்கு முன், வெளியே உள்ள முதல் சாக்கடைத் தொட்டியில் கட்டடத்திலிருந்து வரும் குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். இதை மறந்தால் எலி வேறு வழி கண்டுபிடிக்கும். உடனே மூட முடியாத சம்ப்புக்கு, கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் எனப்படும் டெமிபாஸ் 1 சதவீத மணல் குருணை போடுவார்கள். பத்து லிட்டருக்கு ஒரு கிராம், ஆயிரம் லிட்டருக்கு 100 கிராம் என்பது கணக்கு. சில வாரங்களில் வீரியம் குறையும், திரும்பப் போட வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டு ரெஜிஸ்டரில் எழுதி மூடிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

மனுவை இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். கட்டடம் யாருடையதோ அந்தத் துறையின் செயற்பொறியாளருக்கு ஒன்று, மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவுக்கு ஒன்று. ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கை காட்டுவார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை தொட்டி, எத்தனை வீடு என்று எண்ணி எழுதுங்கள். "கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை" என்ற மனுவுக்கு "மருந்து அடிக்கப்பட்டது" என்ற பதில்தான் வரும்.

ஆனையூர் வாசகர்: காலியான பிளாக்கின் சுவர் எங்கள் காம்பவுண்டிலிருந்து 8 அடி தூரத்தில். கீறல், அரச மரக்கன்று, கம்பி தெரியும் சன்ஷேடு எல்லாம் இருக்கிறது. விழுமா விழாதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எல்லாக் கீறலும் ஆபத்தில்லை. பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய கீறல் வெறும் பூச்சுதான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிப்படியாக ஏறும் கீறல், தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விழும் கீறல், இந்த இரண்டையும் கவனியுங்கள். இரண்டாவது வகை வந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துக்கொண்டு வெளியே வரும். சன்ஷேடுதான் முதலில் உதிரும். அதன் கீழே நடமாடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கீறல் வளர்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டைக் கீறலுக்குக் குறுக்காக வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பதித்து, தேதி எழுதிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. உடையாமல் ஆறு மாதம் நின்றால், பழைய கீறல், இப்போதைக்கு ஓய்ந்திருக்கிறது. இதை உங்கள் வீட்டுச் சுவரிலோ காம்பவுண்டிலோ செய்யுங்கள். காலிக் கட்டடத்துக்குள் போய்ச் செய்ய வேண்டாம்.

அதைவிட அவசரமானது மொட்டை மாடி. இலையும் குப்பையும் சேர்ந்து மழைநீர்க் குழாயின் வாய் அடைபட்டால் தண்ணீர் நிற்கும். 500 சதுர அடி மாடியில் அரை அடி தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 7 டன் எடை. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைப்பார்கள். அரை அடித் தண்ணீர் அந்த 150 கிலோவையும் தின்றுவிடும். கட்டடம் புதிதாக இருந்தபோது போட்ட கணக்கு அது, கம்பி மெலிந்த பிறகு சொல்லவே வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் அந்தக் குழாய் வாயைச் சுத்தம் செய்யச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒரு ஆள், அரை நாள் வேலை.

அரச மரம், ஆல் இரண்டும் பறவை எச்சத்தில் வரும். கன்றை வெட்டிவிட்டால் வேர் உள்ளேயே இருந்து இரண்டாகத் துளிர்க்கும். சுற்றிலும் பூச்சை உடைத்து வேரோடு எடுத்து, அந்த இடத்தை 1:3 சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். விரல் தடிமனுக்குள் எடுத்தால் பிழைத்தோம், மணிக்கட்டு அளவாகிவிட்டால் சுவரையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

இனி, சட்டப்படி. கேட்க வேண்டிய காகிதத்தின் பெயர் உறுதித்தன்மைச் சான்று. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இப்படிக் கேளுங்கள்: இந்த பிளாக் காலி செய்யப்பட்ட தேதி, கடைசி உறுதித்தன்மைச் சோதனையின் தேதியும் அறிக்கை நகலும், இடிக்க உத்தரவு இருந்தால் அதன் எண், இடிக்கும் வரை பராமரிப்புக்குப் பொறுப்பான அலுவலரின் பதவிப் பெயர். "ஏன் இடிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

விழும் நிலையில் உள்ள கட்டடம் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்தது இது. அரசுக் கட்டடம் என்பதால் விலக்கு என்று நினைக்க வேண்டாம். பணமில்லை என்று சொல்லி உள்ளாட்சி அமைப்பு பொதுத்தொல்லையை நீக்கும் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 1980-ல் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பிரிவின் கீழ்தான்.

கீறலை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

திருநகர் வாசகர்: நாங்கள் குடியிருக்கும் பிளாக்கில் 16 வீட்டில் 6 காலி. எங்களுக்கு மேல் வீடும் காலிதான். ஆனாலும் எங்கள் பாத்ரூம் சீலிங் ஒழுகுகிறது. ஆளே இல்லாத வீட்டிலிருந்து எப்படி?

பதில்: ஆள் இல்லாததால்தான். முதலில் எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் ஈரம் இருந்தால் குழாய்த் தண்ணீர். மழை பெய்து ஓரிரு நாளில் மட்டும் வந்தால், உடைந்த ஜன்னல் வழியாகவோ மாடியிலிருந்தோ வரும் மழை நீர். எப்போதும் ஈரமாக இருந்தால் மாடித் தொட்டியிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். ஒரே நாளில் முடிவு கட்ட வேண்டாம். பாத்ரூம் பள்ளத்தில் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள், அது குடித்த தண்ணீரைப் பல நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். வால்வை மூடியும் ஒழுக்கு நிற்கவில்லையென்றால், மேல் மாடிகளிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாயின் இணைப்பைச் சந்தேகியுங்கள். மாடி வீட்டுக் கழிப்பறையில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஒரு வாளி ஊற்றினால், உங்கள் சீலிங்கில் நீலம் தெரிகிறதா என்று ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும்.

சீலிங்கில் கம்பி தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே சிமெண்ட் பூசி மூடிவிடாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது. உள்ளே துரு தொடரும், அடுத்த வருஷம் பூச்சு பாளமாக விழும். மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக இருப்பது போன்ற சத்தம் வரும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். துருவைத் தேய்த்த பிறகு கம்பியின் விட்டத்தை அளங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் ஏதோ கொஞ்சம்தான் போனது போலத் தோன்றும், ஆனால் பலம் தரும் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. அந்த அளவுக்கு வந்துவிட்டால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்காமல் மூடக் கூடாது. அதைக் கொத்தனார் முடிவு செய்ய வேண்டாம், பொறியாளர் பார்க்கட்டும்.

இன்னொன்றும் யோசியுங்கள். மோட்டார் கரண்ட் பில், பெருக்குபவர் சம்பளம் என மாதம் 8,000 ரூபாய் பொதுச்செலவு என்று வைத்துக்கொள்வோம். 16 வீடு இருந்தபோது தலைக்கு 500. பத்து வீட்டில் 800. இன்னும் இரண்டு பேர் போனால் 1,000. பணம் கட்ட முடியாதவர்கள் அடுத்துப் போவார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 11 மாடிக் கட்டடங்கள் 33 கொண்ட ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு இப்படித்தான் சரிந்தது. வாடகையில்தான் பராமரிப்பு என்று வைத்திருந்தார்கள். வீடுகள் காலியாக ஆக வாடகை குறைந்தது, பராமரிப்பு நின்றது, அதைப் பார்த்து இன்னும் பலர் கிளம்பினார்கள். 1950-களில் கட்டியதை 1972-ல் இடிக்கத் தொடங்கி 1976-க்குள் முடித்துவிட்டார்கள். காலி வீடுகளின் பங்கைச் சொந்தக்காரத் துறை கட்ட வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் இப்போதே எழுதிக் கேளுங்கள், பன்னிரண்டு வீடு காலியான பிறகு எழுதச் சங்கம் இருக்காது.

மேலூர் வாசகர்: மதுரைக்கு வெளியே பூட்டிக் கிடக்கும் வாரிய வீடு ஒன்றை 2 லட்சத்துக்கு "பவர்" எழுதித் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒதுக்கீடு பெற்றவருக்கே அது இன்னும் கிரயமாகவில்லை என்றால் அவர் எதை விற்கிறார்? பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒதுக்கீட்டு ஆணையை வாங்கிப் படியுங்கள், கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை அதிலேயே இருக்கும். ஒதுக்கீடு ரத்தானால் உங்கள் 2 லட்சத்துக்கு வாரியம் பொறுப்பல்ல.

கல்லூரி மாணவி, திருப்பாலை: வீடில்லாதவர்கள் இத்தனை பேர் இருக்க, அரசு கட்டிய வீடுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன?

பதில்: இரண்டு விதமான காலி உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழையது, இடிக்கக் காத்திருப்பது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியமும் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) அதற்கு முன்பே இருந்த வீட்டு வசதி வாரியமும் கட்டிய பழைய கட்டடங்கள் இந்த வகை. மற்றது புதியது, ஆனால் யாரும் போகாதது. 2005-ல் வந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் நாடு முழுதும் கட்டிய வீடுகளில் பல இப்படி நின்றன. அரசு நிதியில் கட்டிக் காலியாக இருந்த சுமார் 1.08 லட்சம் வீடுகளை வாடகைக் குடியிருப்பாக மாற்ற 2020-ல் மத்திய அரசு தனித் திட்டமே கொண்டுவந்தது.

ஏன் போகவில்லை? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் மல்லிகை எடுத்துக் கோயில் வாசலில் கட்டி விற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 15 கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால், டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம்தான், ஆனால் அவருக்கு வேண்டிய நேரத்தில் பஸ் இருக்க வேண்டுமே. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய லாபம் போச்சு. பையனின் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, கடன் சொல்லி அரிசி தரும் மளிகைக் கடை, எல்லாம் பழைய இடத்தில். அவர் புது வீட்டைப் பூட்டிவிட்டு பழைய வாய்க்கால் கரைக் குடிசைக்கே திரும்புவதில் வியப்பில்லை. எங்கள் கருத்து: நிலம் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் கட்டிவிட்டு பஸ்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் கோளாறு. பயனாளியின் நன்றிகெட்டதனம் என்று பேசுவது சோம்பேறித்தனம்.

திருமங்கலம் வாசகர்: சாயந்தரம் ஆனால் காலி பிளாக்கில் குடிமகன்கள் கூட்டம். கல் வைத்து அடைத்த பிறகும் பின்பக்கம் உடைத்துப் போகிறார்கள். இன்னும் கெட்டியாக அடைக்கச் சொல்லலாமா?

பதில்: கெட்டியாக அடைத்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது, அவர்களுக்கு அது வசதி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2011-ல் காலி வீடுகளுக்குப் பலகை அடிக்காமல் ஒழுங்கான கதவும் ஜன்னலும் போட வேண்டும் என்று விதி போட்டது. விதிப்படி செய்த வீடுகளைச் சுற்றி வன்முறைக் குற்றம் குறைந்ததாகப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. நம்மூருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டோம், ஆனால் அதன் பின்னுள்ள யோசனை பொருந்தும்: யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

முதலில் சுற்றியுள்ள சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொல்லுங்கள். தரைக்கு மேலே வெட்டினால் புதராகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியதும் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க வேண்டும். புதருக்குள் கண்ணாடி விரியன் இருக்கலாம், ஆட்களைக் கையால் அள்ளச் சொல்லக் கூடாது. யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது என்று நேரம் வீணாக்காமல் 108-ஐ அழைத்து அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற விஷமுறிவு மருந்துள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு தெருப் பக்கமும் பின்பக்கமும் விளக்கு. மேல்மாடிப் படிக்கட்டுக்கு இரும்புக் கேட்.

திருட்டு ஒரு வரிசையில் நடக்கும். முதலில் மோட்டாரும் செம்புக் கம்பியும், பிறகு பித்தளைக் குழாய்கள், கதவு, ஜன்னல் கம்பி, கடைசியில் கான்கிரீட்டை உடைத்து அதன் கம்பி. கதவு போகும்போதே புகார் கொடுங்கள், கம்பி உடைக்கும் கட்டம் வந்தால் கட்டடமே பலமிழக்கும். வீட்டு இணைப்புகளைத் துண்டித்தாலும் பிளாக்குக்கு வரும் மெயின் கேபிளில் மின்சாரம் இருக்கலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில் புகார் செய்து, தெருவிலுள்ள மின்பெட்டியான பில்லர் பாக்ஸிலேயே ஃபியூஸைக் கழற்றச் சொல்லுங்கள்.

பெத்தானியாபுரம் வாசகி: எங்கள் பக்கத்துக் காலிக் குடியிருப்பை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்களாம். நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: இடிக்கத் தொடங்கும் முன் உங்கள் வீட்டின் ஒவ்வொரு சுவரையும் அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பின்னால் "இந்தக் கீறல் முன்பே இருந்தது" என்று ஒப்பந்ததாரர் சொன்னால் பதில் அந்தப் படத்தில் இருக்கும். படங்களை முன்கூட்டியே பதிவுத் தபாலில் அந்தத் துறைக்கும் அனுப்பிவிடுங்கள். தகரத் தடுப்பு, தூசிக்குத் தண்ணீர் தெளிப்பது, பள்ளி விடும் நேரத்தில் லாரி வராமல் இருப்பது, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மேல் மாடியிலிருந்து கீழ் நோக்கி இடிக்க வேண்டும். கீழ்த்தளத்தைக் கொத்திச் சாய்க்கிறார்கள் என்றால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

இடித்து முடித்து லாரிகள் போனதும் பலரும் கவனிக்காத இரண்டு இருக்கின்றன: செப்டிக் டேங்க்கும் போர்வெல்லும். டேங்க் மூடி மேல் மண் மூடியிருக்கும், மழையில் ஒரு மாடோ பிள்ளையோ கால் வைத்தால் உள்ளே போகும். மூடியை எடுத்து, கழிவை உறிஞ்சி, கட்டட இடிபாட்டால் நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். போர்வெல்லின் வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும், மேலே கல்லை வைத்து மூடினோம் என்றால் ஏற்காதீர்கள். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணை போகும் முன் இந்த இரண்டையும் நேரில் காட்டச் சொல்லிச் செயற்பொறியாளருக்கு எழுதுங்கள். பணம் போன பிறகு அந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.